இருக்கறத எழுதுங்க டீச்சர்

சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று அந்த அம்மாவிடம் கேட்கக் கூடாது. "எனக்குச் சரி. ஒங்களுக்கு எப்படின்னு நீங்க தின்னு பாத்துல்ல சொல்லணும்" என்பார். கேட்டவர் தலைமையாசிரியை என்றாலும் அதே பதில்தான். நான் கேட்டிருக்கிறேன், வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

ஆலங்குடியில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, பிரிவு ரோட்டில் இறங்கி, முந்திரிக் காட்டு வழியாக ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் நான் தலைமையாசிரியையாக இருந்த தொடக்கப் பள்ளி வரும். தலைமையாசிரியை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான். இரண்டாவது ஆசிரியர் பணியிடம் நான் சேர்ந்ததிலிருந்து காலியாகவே கிடந்தது. செம்புராங்கல் சுவர் வைத்த ஓட்டுக் கட்டடம், ஒரே ஹால், பின்னால் சத்துணவுக் கூடம். அந்தக் கூடத்தில் சமையல் செய்தவர்தான் இந்த அம்மா. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஊர் தெரிந்துவிடும், ஊர் தெரிந்தால் இன்னும் சில பேருக்கு என்மேல் கோபம் வரும். சமையலம்மா என்றே வைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அப்போது அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, விறுவிறுவென்று நடை. குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் கனமாக இருக்கும். மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் கண்ணில் பட்ட எதையும் படிக்காமல் விடமாட்டார். எண்ணெய் பாக்கெட் உறை, தேர்தல் நோட்டீஸ், என் மேஜைமேல் கிடக்கும் பதிவேடு, எல்லாவற்றையும்.

எங்கள் வினையே அந்தப் பதிவேட்டில்தான் ஆரம்பித்தது. சத்துணவுப் பள்ளிகளில் சுவைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் ஆசிரியர் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, எப்படி இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் சேர்ந்த புதிதில் திங்கட்கிழமை காலையிலேயே வெள்ளி வரைக்கும் 'சுவைத்துப் பார்த்தேன், நன்று' என்று எழுதி வைத்துவிடுவேன். ஒருமுறை அதற்கு மறுநாள் சமையலம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றார்.

"டீச்சர், இன்னைக்குச் செவ்வாக்கெழமை."

"ஆமா, அதுக்கென்ன?"

"வெள்ளிக்கெழமை சாப்பாடு நல்லாருந்துச்சுன்னு எழுதிருக்கீங்க. நான் இன்னும் செவ்வாக்கெழமை அரிசியே களையல."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தாம்மா எழுதுவாங்க" என்றேன்.

"அப்படியா? எல்லா ஸ்கூல்லயும் வெள்ளிக்கெழமை வந்துருச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கிண்டலா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் ஏன் சாப்பிட்டுப் பார்க்கவில்லை? வீட்டுச் சாப்பாடு கொண்டு வருகிறேன், வயிறு ஒத்துக்காது, நேரம் இல்லை என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டேன். அந்த அம்மா கீழத்தெருவிலிருந்து வருகிறவர் என்பதும் அதில் ஒரு காரணமா என்று கேட்டால், இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெருதான். எந்தத் தெரு யாருடையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை, நம் ஊர்களில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

மறுநாளிலிருந்து பன்னிரண்டரை மணிக்கு ஒரு கிண்ணத்தில் சாதம் என் மேஜைக்கு வந்துவிடும். நான் விழுங்கும் வரைக்கும் எதிரிலேயே நிற்பார். 'நல்லாருக்கு' என்றால் விடமாட்டார். "எது நல்லாருக்கு? சோறா, கொழம்பா?" என்பார். ஒருநாள் உப்பு கொஞ்சம் தூக்கல் என்றேன். "அப்ப அதை எழுதுங்க" என்றார். எழுதினேன். அடுத்த தணிக்கையில், உப்பு அதிகமாக இருந்தும் ஏன் பரிமாறினீர்கள் என்று விளக்கம் கேட்டு எனக்குத்தான் ஓலை வந்தது. அவரிடம் காட்டினேன். "இருந்துச்சுல்ல டீச்சர்" என்றார்.

நல்ல மனுஷி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக முடியாது. கூட இருந்து வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தச் சங்கடம். ஒருநாள் வட்டார அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அன்றைக்கென்று பஸ் மக்கர் செய்து, நான் அப்போதுதான் வியர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்திருந்தேன். அதிகாரி நேரே அடுப்படிக்குப் போய், "டீச்சர் எத்தனை மணிக்கும்மா வந்தாங்க?" என்று கேட்டார்.

"பத்துக்குப் பத்து நிமிசம் இருக்கையில வந்தாங்க. பஸ்ஸு லேட்டு. நேத்து ஒம்பதே காலுக்கே வந்துட்டாங்க."

அதிகாரி முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார். அவர் டிரைவர் பின்பக்கமாக வந்து, "ஆத்தா, ஒரு முட்டை இருந்தாக் குடுங்களேன்" என்று கேட்டிருக்கிறார். சமையலம்மா அண்டாவிலிருந்து தலையைத் தூக்கி, "நீங்க எந்த வகுப்பு?" என்றார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டன. டிரைவர் முகம் தொங்கிப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். அந்த மாதம் எனக்கு மெமோ. நான் அந்த அம்மாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, "முந்துன நாளு சீக்கிரம் வந்ததையும் நான் சொன்னேன்ல டீச்சர்" என்றார். சொன்னார்தான். அதை மறுக்க முடியாது.

ஆண்டு விழா நடத்த உத்தரவு வந்த வருஷம், பள்ளி வரலாற்றை எழுதி மேடையில் படிக்க வேண்டும் என்றார்கள். பள்ளி தொடங்கிய காலத்துப் பதிவேடு எல்லாம் கரையான் தின்றது போக மிச்சம் ஒன்றும் இல்லை. மேலத்தெருவில் ஒரு தேங்காய் வியாபாரி இருந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் அவர்தான். அவரைக் கேட்டேன். மகாராஜா வேட்டைக்கு வந்தபோது ஆடு மேய்க்கும் பிள்ளைகளைப் பார்த்து மனம் இரங்கி, இந்தப் பள்ளிக்கூடத்தைக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டதாகச் சொன்னார். எங்கள் மாவட்டத்தில் எந்தப் பழைய கட்டடத்தைக் காட்டினாலும் மகாராஜா கட்டியது என்பார்கள். குளம், சத்திரம் எல்லாம் சரி. புளியமரத்தைக்கூட மகாராஜா வைத்தது என்று எனக்கு ஒருவர் காட்டியிருக்கிறார். எழுத எனக்கு வசதியாக இருந்தது. நான்கு பக்கம் எழுதி, சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"மகாராசா வரல டீச்சர்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஆத்தா கல்லு சொமந்துச்சு. கண்மாய்க் கலுங்கு கட்டுறதுக்கு வெட்டுன கல்லு மிச்சம் கெடந்துச்சாம். அதை எங்க தெருப் பொம்பளைங்கதான் ஒரு கோடை பூராம் தலையில சொமந்து இங்கிட்டுக் கொண்டாந்து போட்டாங்க. கூலி கெடையாது. ஒங்க பிள்ளைகளையும் சேத்துக்குவோம்னு சொல்லித்தான் சொமக்க விட்டாங்களாம்."

"சேத்துக்கிட்டாங்களா?"

"அப்ப சேக்கல. எங்க காலத்துலதான் சேத்தாங்க."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மகாராஜாவை அடித்துவிட்டு, கல் சுமந்த தாய்மார்களின் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்து படித்தார்கள் என்று ஆவேசமாக ஒரு பக்கம் எழுதி அவரிடம் படித்துக் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, தலையை ஆட்டினார்.

"வெளிய இல்ல டீச்சர், உள்ளதான். வடக்குச் செவத்தோரமா தனியா ஒக்கார வச்சாங்க. வெயிலும் இல்ல. சன்னல் அந்தப் பக்கந்தானே, காத்து நல்லா வரும்."

"சரி, வேற என்ன செஞ்சாங்க, அதையாவது சொல்லுங்க."

"பானையில தண்ணி நாங்க மோந்துக்க முடியாது. ஒருத்தர் ஊத்தணும். ஊத்துற பிள்ளை அன்னைக்கு வரலைன்னா தாகத்தோட கெடப்போம். அதை வேணா எழுதுங்க. அது உள்ளது."

விழாவன்று மேடையில் தேங்காய் வியாபாரி, ஒன்றியக் கவுன்சிலர், இன்னும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் மகாராஜாவைத்தான் படித்தேன். நல்ல கைதட்டல். எல்லோரும் போன பிறகு பந்தலுக்குக் கீழே கிடந்த காகிதத் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சமையலம்மா சொன்னார், "அழகாப் படிச்சீங்க டீச்சர். எந்தூருப் பள்ளிக்கூடம் அது?" நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இனி அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஆபத்தைச் சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்தபோது பதினேழு பிள்ளைகள் இருந்தார்கள். மூன்று வருஷத்தில் ஒன்பது ஆகிவிட்டது. ஒன்பதும் கீழத்தெரு. மேலத்தெருப் பிள்ளைகளை எல்லாம் காலையில் ஒரு மஞ்சள் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். இங்கிலீஷ் மீடியம் மோகம் என்று எல்லோரும் சொன்னார்கள், கூட்டங்களில் நானும் அதையே சொன்னேன். ஒருநாள் நான் அந்த வேனைப் பார்த்து, "சொந்த ஊர்ல பள்ளிக்கூடத்த வச்சுக்கிட்டு எங்கேயோ கொண்டு போய்க் கொட்டுறாங்க" என்று பொரிந்து தள்ளினேன்.

சமையலம்மா கேட்டார், "ஒங்க பாப்பா எங்க டீச்சர் படிக்குது?"

"புதுக்கோட்டையில. அது வேற."

"அதுவும் வேன்லதான் போகுதா?"

"ஆட்டோ."

"ம்" என்றார். அடுப்படிக்குத் திரும்பியவர், "நான் இங்க சமைக்க வந்தது ஆனி மாசம். வேன் வந்தது ஆவணி" என்றார். அவ்வளவுதான். அதனால்தான் இது என்று அவர் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் சேர்க்க மாட்டார். நான்தான் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆனியில் நாற்பத்தொரு பேர். ஐப்பசியில் இருபத்திரண்டு.

பிள்ளைகள் இப்படிக் குறைந்துகொண்டே போனால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் பேச்சு வந்துவிட்டது. பக்கத்து ஊர்ப் பள்ளி மெயின் ரோட்டுக்கு அங்கிட்டு இருக்கிறது. கல்லுடைக்கும் கிரஷருக்குப் போகிற டிப்பர் லாரிகள் அந்த ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு பறக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை அதைத் தாண்டி யார் அனுப்புவார்கள்? கீழத்தெருவில் அப்பனும் ஆத்தாளும் விடிந்தால் முந்திரிக் காட்டுக்கும் கடலைக் கொல்லைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட வீட்டில் ஆள் இல்லை. பள்ளி போனால் பாதிப் பிள்ளைகளின் படிப்பும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் கடைசியில் தேங்காய் வியாபாரி பள்ளிக்கு வந்தார். தங்கமான மனிதர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். என்னிடமும் ஒருநாளும் மரியாதை குறையாமல்தான் பேசியிருக்கிறார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்த மூடப் போறாங்கன்னு சொல்றாங்களே, மெய்தானா டீச்சர்?"

"பிள்ளை இல்லைன்னா மூடத்தானேங்க செய்வாங்க."

"நம்ம தெருவுல ஏழு பிள்ளை இருக்குங்க. வேனுக்குக் கட்டி மாளல. ஜூன்ல இங்கயே சேத்துர்றோம். ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பொம்பளைய அலுங்காம வேற எங்கயாச்சும் மாத்திவிட்ருங்க. எனக்கு ஒண்ணும் இல்லீங்க, நான் டவுன்ல எந்தக் கடையிலயும் சாப்புடுறவன். வீட்டுப் பொம்பளைங்கதான் ஒத்துக்க மாட்டேங்குறாங்க. அதுக்கும் நட்டம் இல்லையே, சம்பளம் எங்க இருந்தாலும் வரத்தானே போகுது?"

நான் அந்த நிமிஷமே அவரை எழுந்து போகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்பதும் ஏழும் பதினாறு என்று மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் போகும்போது பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இதை ஏன் மறைக்க வேண்டும்?

அன்று சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து, அந்த அம்மா எழுதுவதுபோல ஒரு விண்ணப்பம் தயார் செய்தேன். முழங்கால் வலி காரணமாகத் தன்னால் இங்கே பணி செய்ய இயலவில்லை என்றும், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளிக்கு மாறுதல் வேண்டும் என்றும். மறுநாள் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் அடுப்படிக்குக் கொண்டுபோனேன். அவர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவி, சேலையில் துடைத்துவிட்டு, காகிதத்தை வாங்கி விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"எனக்கு முழங்கால் வலி இல்லையே டீச்சர். காலையிலகூட ரெண்டு கொடம் தண்ணி கொண்டாந்தேன்."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வியாபாரி வந்தது, ஏழு பிள்ளை, அவர் கேட்டது, எதையும் விடவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் மூன்றே கேள்வி.

"நான் போனா அந்த ஏழு பிள்ளையும் வருமா?"

"வரும்னுதான் சொல்றாரு."

"பள்ளிக்கூடம் இருக்குமா?"

"இருக்கும்."

"எங்க தெருப் பிள்ளைக ரோட்டத் தாண்ட வேண்டியதில்லையே?"

"இல்ல."

"அப்பச் சரி, போறேன்" என்றார்.

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இது வேணாம். இருக்கறத எழுதுங்க டீச்சர். என் கையால சமைச்சா மேலத்தெருப் பிள்ளைக திங்காதுன்னு சொல்றாங்க, அதனால நான் வேற பள்ளிக்கூடத்துக்குப் போறேன். அம்புட்டுத்தான். எழுதுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா."

"ஏன்?"

"கேஸ் ஆயிரும். போலீஸ் வரும். அவரையும் கூப்புடுவாங்க, என்னையும் கூப்புடுவாங்க."

"அப்ப அது பொய்யா?"

"பொய்யில்ல."

"எழுத முடியாத காரணத்துக்கு நான் எப்படி டீச்சர் போறது?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. உங்கள் பிடிவாதத்தால் ஒன்பது பிள்ளைகள் வாழ்க்கை கெடப் போகிறது என்று கத்தினேன். இன்னும் என்னென்னமோ பேசினேன், எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் திரும்பக் கத்தவில்லை. "நான் போக மாட்டேன்னு சொல்லல. போறேன்னுதான் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்டாவின் மறுபக்கத்தைத் திருப்பித் தேய்க்க ஆரம்பித்தார். நான் காகிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டுமே. "அந்தம்மா ஒத்துக்கலைங்க" என்றேன். அவர், "பாத்தீங்களா, நல்லதுக்குத்தான் சொன்னோம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை ஒரு வாரத்தில் இரண்டு தெருவையும் சுற்றி வந்துவிட்டது. சமையல்காரி வேலையை விட்டுக்கொடுக்க மாட்டாளாம், அவள் வீம்பால்தான் பள்ளிக்கூடம் போகப் போகிறதாம். கீழத்தெருவிலேயே அப்படிப் பேசினார்கள். சமையலம்மாவின் சொந்தச் சின்னம்மா மகள் குழாயடியில் வைத்துக் கேட்டிருக்கிறாள். "போறேன்னுதான் சொன்னேன். காரணத்தை எழுதச் சொன்னேன், டீச்சர் எழுத மாட்டேன்னுட்டாங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவள் நம்பவில்லை. ஒருநாள் காலையில் மகனைக் கொண்டுவந்து விடும்போது என்னிடமே கேட்டாள்.

"அக்கா சொல்றது மெய்யா டீச்சர்? நீங்க எழுதிருந்தாப் போயிருக்குமா?"

சமையலம்மா பத்தடி தள்ளித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கை நின்றது. என் வாயிலிருந்து என்ன வருகிறது என்று காத்திருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அதெல்லாம் ஆபீஸ் விஷயம்மா" என்று சொல்லிவிட்டு நான் மணி அடிக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகும் அவர் என்னிடம் முறைத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டரைக்குக் கிண்ணம் வந்தது. எது நல்லாருக்கு என்று கேட்பதை மட்டும் விட்டுவிட்டார். நான் எழுதுவதை நின்று பார்க்கவும் இல்லை. அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

அடுத்த ஜூனில் மேலத்தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் வந்து சேரவில்லை. அதற்கடுத்த ஜூன் பிறக்கும்போது பள்ளியை மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. எனக்குப் புதுக்கோட்டைக்குப் பக்கத்திலேயே மாறுதல் கிடைத்தது, என் பெண்ணுக்கும் வசதி. சமையலம்மாவுக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளி. ஓய்வு பெறும் வரை பஸ்ஸில் போய் வந்தார் என்று கேள்விப்பட்டேன். பிள்ளைகளில் ஆறு பேர் ரோட்டைத் தாண்டி பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போனார்கள். மூன்று பேர் போகவில்லை. அவர்களில் ஒருவன் தன் பெயரையே எழுதத் தெரியாமல் ஆடு மேய்க்கிறான் என்று அந்தப் பக்கத்துக் கண்டக்டர் சொன்னார். கட்டடம் இன்னும் அப்படியேதான் நிற்கிறதாம், தேங்காய் போட்டு வைத்திருக்கிறார்களாம்.

ஒப்படைப்பு நாளன்று நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். சத்துணவுப் பாத்திரங்களைப் பக்கத்துப் பள்ளிக்கு ஏற்றிவிட வேண்டும். அண்டா இரண்டு, வாளி மூன்று, கரண்டி நான்கு, தட்டு நாற்பத்தைந்து. அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, நான் ஒப்படைப்புப் படிவத்தில் குறித்துக்கொண்டேன். அந்தப் படிவத்தின் மேல்பகுதியில் 'பள்ளி மூடப்படுவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'மாணவர் எண்ணிக்கை குறைவு' என்று எழுதினேன். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பக்கத்தில் சமையலரும் போட வேண்டும்.

வாங்கி வைத்துக்கொண்டு மேலிருந்து படித்தார். காரணம் எழுதிய கட்டத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் பாத்திரப் பட்டியலை ஒருமுறை எண்ணிச் சரிபார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, கோணல் மாணலான எழுத்தில் ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பாத்திரம் ஏற்ற வந்த வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் நான் பார்க்காமலே கோப்பில் வைத்துக்கொண்டேன். "வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தெருவைப் பார்க்க நடந்தார்.

மறுநாள் அலுவலகத்தில் எழுத்தர் அந்தப் படிவத்தைப் புரட்டியவர், நிறுத்தி உரக்கப் படித்தார். "'பாத்திரம் மட்டும் சரி.' இது என்னங்க டீச்சர் புதுசா இருக்கு?"

"சமையல்காரம்மா எழுதுனது" என்றேன்.

"அப்ப மத்ததெல்லாம் தப்பாமா?" என்று சொல்லி அவர் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார். நானும் சேர்ந்து சிரித்தேன்.